ஜல்லாத்தின் கயிறு

பயம் என்றால் என்னவென்று ஊருக்கே பாடம் எடுத்தவர் பூபாலன். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து, செல்போனை இரண்டு செங்கலுக்கு நடுவே நிறுத்திவைத்து, வாராவாரம் வீடியோவில் எடுத்த பாடம் அது. விஷயம் ரெஸ்லிங். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதெல்லாம் அவருக்குத் தூசு. கதையை எப்படிச் சொன்னார்கள், வில்லன் வில்லனாக இருந்தானா, அதைத்தான் அவர் நோண்டுவார். பாலாநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் முடிந்த சாமான்களை அளந்து பார்த்து அனுப்புகிற வேலை அவருக்கு. அந்தப் புத்தி ரெஸ்லிங்கிலும் விடவில்லை.

தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகுடா ரயில்வே பட்டறைக்கு வந்த குடும்பம். ஹைதராபாத் தண்ணீரில் ஊறியும் வாயில் ஜோலார்பேட்டை போகவில்லை. கூடவே வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் சேர்ந்துகொண்டன. அந்தப் பேச்சுக்காகவே ஆம்பூரிலிருந்தும் மலேசியாவில் கிள்ளானிலிருந்தும் சவூதியில் தம்மாமிலிருந்தும் ஆட்கள் கேட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பேர். கம்பெனியில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட ஆள் கிடையாது, 'செக்கிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கே நாலாயிரம் பேருக்கு அவர் அண்ணன். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அவருடைய தீர்ப்புகள் சும்மா சொல்லக்கூடாது, கேட்கச் சுகமாக இருக்கும். "குதிக்கிறவன் வித்தக்காரன், வுழுறவன்தான் நடிகன்" என்பார். அடி வாங்குகிறவன் சரியாக விழாவிட்டால் அடித்தவனுக்கு ஏது பலம்? வில்லன் தன்னை வில்லன் என்று நினைக்கக்கூடாது, தனக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது என்று நினைக்கவேண்டும். கைதட்டலுக்கு ஏங்குகிற வில்லன், கல்யாண வீட்டில் போட்டோவுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் சித்தப்பா மாதிரி. நல்ல கதை என்பது, பார்க்கிறவனுக்கு இது நிஜமா நடிப்பா என்று கடைசிவரை தெரியக்கூடாத கதை. இதைத்தான் அவர் வருஷக்கணக்காக ஓதினார்.

அந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தார். ரிங்குக்குள் யாருக்காவது உண்மையாகவே அடிபட்டுவிட்டால் ரெஃப்ரி தலைக்குமேல் இரண்டு கைகளையும் குறுக்காகப் பிடித்துக் காட்டுவார். கதை நின்றுவிட்டது, டாக்டர் வரட்டும் என்று அர்த்தம். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். உப்பலில் ஒரு மூடிப்போன ஃபேக்டரிக் கொட்டகையில் மாதாமாதம் ரெஸ்லிங் நடத்துகிற ஒரு சின்னக் கம்பெனி, போன கோடையில் அந்தக் குறியையே கதைக்குள் இழுத்துவிட்டது. ரெஃப்ரி கையைக் குறுக்கே பிடித்தார், கூட்டம் பதறி எழுந்தது, கழுத்து முறிந்தவன் துள்ளி எழுந்து வில்லனை உதைத்தான். ஒரே ஆரவாரம். பூபாலன் அன்றைக்குக் கத்தியதுபோல் என்றைக்கும் கத்தியதில்லை. "எல்லாத்துலயும் பொய் சொல்லு. அந்தக் கைய வெச்சி மட்டும் பொய் சொல்லாத. நாளைக்கி நெஜமாவே ஒருத்தன் கழுத்து ஒடிஞ்சா எவன்டா எழுந்திருப்பான்?"

அந்த உப்பல் கம்பெனியின் பெரிய வில்லனுக்குப் பேர் ஜல்லாத். தூக்கிலிடுகிறவன் என்று அர்த்தம். கறுப்பு முகமூடி, பேச்சே கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு சாண் நீளக் கயிறு, நடுவில் ஒரே ஒரு முடிச்சு, அதை எவன் மடியில் போடுகிறானோ அவன் அடுத்த மாதம் தொலைந்தான். ஆரம்பத்தில் பூபாலனுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஒருநாள் ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஜல்லாத் முகமூடியோடு குழந்தைகளைத் தோளில் அணைத்துக் கட்டைவிரலைத் தூக்கி செல்ஃபிக்கு நின்றதைப் பார்த்துவிட்டார். விடுவாரா?

"இவனப் பார்த்து எங்க வூட்டுப் பூனகூட பயப்படாது" என்று அந்த வாரம் கிழித்தார். தன் வீட்டு நீல கேட்டுக்கு முன்னால் நின்றே அதைப் படம் பிடித்தார். "வில்லன்னா கொட்டாயோட நிக்கக்கூடாது. இந்த கேட்டு வரைக்கும் வரணும். பொண்டாட்டி புள்ள வரைக்கும் போவணும். புள்ள மேல கண்ண வெக்காதவன் வில்லனே இல்ல. வாடா பாக்கலாம்!"

வந்தான்.

ஒரு புதன்கிழமை காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போன காஞ்சனா கத்திக்கொண்டே திரும்பி வந்தாள். நீல கேட்டின் தாழ்ப்பாளில் ஒரு சாண் கயிறு தொங்கியது, நடுவில் முடிச்சு. பொண்டாட்டி நடுங்குகிறாள், இந்த மனுஷனுக்கு முகமெல்லாம் பல். "பாரேன், வேலைய ஆரம்பிச்சிட்டான்! இதான்டி கதை!" என்று குதித்தார். அந்தக் கயிற்றைக் கையில் பிடித்து மாடியில் நின்று நாலாயிரம் பேருக்கும் காட்டினார். கதை கொட்டகையைவிட்டு வெளியே வந்துவிட்டது என்று மார்தட்டினார். அடுத்த வாரம் பாலாநகர் கம்பெனி வண்டி ஸ்டாண்டில் அவருடைய வண்டி ஹேண்டில்பாரில் இன்னொன்று. அதையும் காட்டினார். கேட்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

"எதுக்கு இந்த வேல உங்களுக்கு?" என்றாள் காஞ்சனா. "எவனோ மூஞ்சி தெரியாதவன் நம்ம கேட்டத் தொட்டுட்டுப் போயிருக்கான், நீங்க இன்னாடான்னா பல்ல இளிச்சிக்கினு கீறீங்க."

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இரு" என்றார் பூபாலன். ஆனால் ஹேண்டில்பாரில் கயிற்றைப் பார்த்தபோது அவரும் சுற்றுமுற்றும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதைப் படத்தில் காட்டவில்லை.

மூன்றாவது கயிறு பத்மஜாவின் பைக்குள் இருந்தது.

பத்மஜா அவர்களுக்கு ஒரே பெண். இன்டர் முதல் வருஷம், நம்மூர்ப் பிளஸ் ஒன். தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்லுவாள். அப்பாவின் ரெஸ்லிங் பேச்சைப் பற்றிக் கேட்டால் கண்ணை உருட்டிவிட்டு எழுந்து போய்விடுவாள். சாயங்காலம் பின் தெருவில் டியூஷன். பைகளை வராந்தாவில் வைத்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உள்ளே போவது அங்கே வழக்கம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து முன்ஜிப்பைத் திறந்து சாவியைத் தேடியவள், பாம்பைத் தொட்டவள் மாதிரி கையை உதறினாள். கயிறு தரையில் விழுந்தது.

"நைனா, ஏமி இதி?" என்றாள். இது என்ன என்று கேட்டாள், அவ்வளவுதான். பூபாலன் கயிற்றையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். ஜிப் மூடியிருந்த பை. எவனோ அதைத் திறந்து, அவளுடைய சீப்புக்கும் கர்ச்சீப்புக்கும் நடுவில் கையை விட்டு, வைத்துவிட்டு, மறுபடியும் மூடிவிட்டுப் போயிருக்கிறான். அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். 'புள்ள மேல கண்ண வெக்காதவன் வில்லனே இல்ல.' சொன்னது யார்? அவரேதான். குரல்கூட அப்படியே காதில் கேட்டது.

"நாக்கு பயங்கா உந்தி, நைனா" என்றாள் பத்மஜா. பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. அஞ்சாறு வயதில் நாய் துரத்தியபோதுகூடத் திரும்பி நின்று கல்லெடுத்தவள்.

அதற்குப் பிறகு அந்த மனுஷனுக்கு நிம்மதி என்பதே இல்லை. டியூஷனை நிறுத்தினார். காலேஜுக்குத் தானே கொண்டுபோய் விட்டார், தானே கூட்டிவந்தார். தார்நாக்கா சிக்னலில் ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பக்கத்தில் வந்து நின்று வண்டியைத் திரும்பிப் பார்த்தால் போதும், இவருக்கு வேர்த்துக்கொட்டும். டீக்கடையில் எவனாவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் ரசிகனா, இல்லை அவனா என்று தெரியாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடப்பார். முகமூடி போட்டவனிடம் இதுதான் கஷ்டம், முகமூடி இல்லாதவன் எல்லாரும் அவனாகத் தெரிகிறான். கம்பெனியில் அளக்காமலே சாமான்களைத் தள்ளிவிட்டார், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எதுவரை போவான்? இந்தக் கேள்விதான் அவரைத் தின்றது. அடுத்தவனாக இருந்தால் 'சும்மா நடிப்புக்குப் பண்றான்' என்று இருந்திருப்பான். பூபாலனுக்கோ வில்லனின் மனசு அத்துப்படி. ஒரு நல்ல வில்லன் மூன்றாவது கயிற்றோடு நிறுத்தமாட்டான். நிறுத்தினால் கதை செத்துப்போகும். அவராக இருந்தால் அடுத்து என்ன எழுதுவார் என்று யோசித்துப் பார்த்தார், யோசித்த மாத்திரத்தில் எழுந்து போய்ப் பெண்ணின் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். அவள் அங்கேதான் இருந்தாள், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

உப்பல் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினார். பெண்ணை விட்டுவிடுங்கள், தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கெஞ்சியிருந்தார். பதிலுக்கு ஒரு கயிற்றுப் படம் வந்தது, வேறொன்றும் இல்லை. போலீஸுக்குப் போனார். அங்கே இருந்தவர் செல்போனில் பூபாலனின் பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தார். கயிற்றைக் கையில் ஆட்டிக்கொண்டு இவர் பல்லைக் காட்டுகிற காட்சி. "ஏம் அண்ணா, பப்ளிசிட்டியா?" என்று சிரித்துத் தோளில் தட்டி அனுப்பிவைத்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடைசியாக மாடிக்குப் போனார். செங்கலுக்கு நடுவே போனை வைத்தார். "இது கதையில்லப்பா. சத்தியமா கதையில்ல. எம் பொண்ணு பயந்துபோய்க் கெடக்குது. யாராயிருந்தாலும் நிறுத்திடுங்க" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். சாயங்காலத்துக்குள் வீடியோவுக்குக் கீழே கமென்டாகக் கொட்டியிருந்தார்கள். 'அண்ணே, கண்ணீர்லாம் நெஜமாவே வந்துச்சே, செம நடிப்பு.' 'இந்த வருஷத்துலயே பெஸ்ட் கதை இதுதான்.' 'ஜல்லாத்தவிட நீங்கதான்ணே மாஸ்.' ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது நம்பவேண்டுமே. நிஜமா நடிப்பா என்று தெரியக்கூடாது என்று வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்தாயிற்று, நன்றாகப் படித்துவிட்டார்கள்.

"அவன் கால்ல வுழுந்தாவது நிறுத்திட்டு வாங்க" என்றாள் காஞ்சனா. அந்த ஞாயிற்றுக்கிழமை உப்பலில் ஆட்டம். காஞ்சனாவையும் பத்மஜாவையும் உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு, மத்தியானச் சோறு இறங்காமல் கிளம்பினார்.

கொட்டகைக்குள் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. இவரைப் பார்த்ததுமே கூட்டம் எழுந்து ஊளையிட்டது. "பூபாலண்ணா வந்துட்டாரு! கயிறு! கயிறு!" நாலைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். விளக்கு அணைந்தது, மேளம் மாதிரி என்னவோ அடித்தது, ஜல்லாத் வந்தான். நேரில், இவ்வளவு கிட்டத்தில், ஆள் மலை மாதிரி இருந்தான். ரிங்குக்குப் போகவில்லை. நேராக பூபாலனின் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான். இடுப்பிலிருந்து கயிற்றை உருவினான்.

பூபாலன் எழுந்திருக்க நினைத்தார், அப்படியே கீழே விழுந்தார். எப்படி விழவேண்டும் என்று ஊருக்குச் சொன்னவர், எப்படி விழுந்தோம் என்றே தெரியாமல் விழுந்தார். அவன் பூட்ஸைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்ண வுட்டுடுப்பா. என்ன வேணா பண்ணிக்கோ, கொன்னுகூடப் போடு. அவ பையிலலாம் கைய வுடாதப்பா. சின்னப் புள்ளப்பா அது." சொல்லச் சொல்ல விசில் காதைப் பிளந்தது. பின்வரிசையில் ஒருத்தர் நாற்காலி மேலேறி நின்று கைதட்டினார். தன் உயிரைப் பிடுங்கி வைப்பதுபோல் ஒரு மனுஷன் அழுகிறார், சுற்றிலும் நூறு பேர் அதை ரசிக்கிறார்கள். அதைவிடப் பெரிய பயம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. இங்கேயே இவன் தன்னைக் கொன்றுபோட்டாலும் இவர்கள் கைதட்டுவார்கள் என்று தோன்றியது.

ஜல்லாத் குனிந்தான். கழுத்தைப் பிடிக்கிறவன்போல் இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து, முகமூடியை அவர் காதோடு ஒட்டினான்.

"அண்ணா" என்றான். தமிழ், சிகந்திராபாத் தமிழ். "நான் ஜெயந்த் அண்ணா. இங்க ஜிம்ல ட்ரெயினர். உங்க வீடியோ எல்லாம் கேப்பேன். கேட்ல ஒண்ணு, வண்டில ஒண்ணு. அவ்ளோதான் நான் போட்டது. பொண்ணு பைலயா? ஐயோ, இல்லண்ணா. அம்மா மேல சத்தியமா நான் இல்ல."

பூபாலன் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு பெரிய கை அவர் கையை விடாமல் பற்றிக்கொண்டது. அவனுக்கும் பயம். அப்போதுதான் அவருக்குக் குலை நடுங்கிற்று. இதுவரை பயப்படுவதற்கு ஒரு ஆளாவது இருந்தான். இப்போது அந்த ஆளும் இல்லை.

ஜெயந்த் நிமிர்ந்தான். கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். தலைக்குமேல் இரண்டு கைகளையும் தூக்கிக் குறுக்காகப் பிடித்தான்.

பாதிப் பேர் அடங்கினார்கள். மீதிப் பேர் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். போன கோடையில் இதே கொட்டகையில் இதே குறியை வைத்து ஏமாந்தவர்கள் அவர்கள், எப்படி நம்புவார்கள்? ஒருத்தன் "மறுபடியுமா?" என்று சிரித்தான். ஜெயந்த் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கழுத்துக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சை அவிழ்த்து முகமூடியைக் கழற்றித் தரையில் போட்டான். வருஷக்கணக்காக ஒருத்தருக்கும் காட்டாத முகம். சாதாரண முகம், பருக்கள்கூட இருந்தன. வேர்வையோடு அழுதுகொண்டு மறுபடியும் கையைக் குறுக்கே தூக்கினான். ரெஃப்ரியும் ஓடிவந்து பக்கத்தில் நின்று தூக்கினார். இனிமேல் ஜல்லாத் என்று ஒருத்தன் கிடையாது. அவன் தொழிலையே கழற்றிப் போட்டுவிட்டான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கொட்டகை கப்சிப்பென்று ஆயிற்று.

"இவரு பொண்ணோட பைல கயிறு போட்டது யாரு?" என்று கேட்டான். தமிழிலும் கேட்டான், இந்தியிலும் கேட்டான்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் மெதுவாக எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, முதுகில் லேப்டாப் பை. "அண்ணே, நான் கணேஷ்குமார். பேகம்பேட்ல ஐடி. மதுரைக்காரன்ணே. உங்க வீடியோவுல மொத ஆளா கமென்ட் போடுவேனே, தெரியலையா?" என்றார். முகத்தில் வெட்கம் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. "கம்பெனிக்காரய்ங்க ரெண்டு கயித்தோட நிப்பாட்டிட்டாய்ங்க. கதை தொங்கிருச்சுல்ல? நீங்கதானே சொன்னீங்க, பிள்ள மேல கண்ண வைக்காதவன் வில்லனே இல்லன்னு. ஒரு ஹெல்ப்பா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். பாப்பாவத் தொடவே இல்லண்ணே. டியூஷன் வரைக்கும் பின்னாடியே போனேன், வராந்தாவுல பை ஜிப்பத் தொறந்து கயித்த வச்சு மூடிட்டு வந்துட்டேன், அம்புட்டுத்தான்."

பூபாலன் அவரை அடிக்கப் பாய்ந்தார் என்று எழுத ஆசைதான். பாயவில்லை. உடம்பில் அதற்குத் தெம்பில்லை. "வூடு எப்படித் தெரிஞ்சிச்சி உனுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நீல கேட்ட வச்சுக் கண்டுபிடிச்சு நம்ம ஃபேன்ஸ் குரூப்ல லொக்கேஷன் போட்டாய்ங்கண்ணே. டியூஷன் டைம்கூட எவனோ போட்டிருந்தான்" என்றார் கணேஷ்குமார். ஜெயந்தின் முகத்தையும் பூபாலனின் முகத்தையும் பார்த்தார். குரல் இறங்கியது. "அண்ணே... இது நெஜமாண்ணே? இல்ல இதுவும் கதையா?"

வெளியே வந்து வண்டிப் பக்கத்தில் நின்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். பத்மஜாதான் எடுத்தாள். பின்னால் ஜன்னல் சாத்தியிருந்தது. "அயிப்போயிந்தா, நைனா?" என்றாள். முடிந்துவிட்டதா?

"முடிஞ்சிச்சி கண்ணு. யாருன்னு தெரிஞ்சிச்சி. மன்னிப்புக் கேட்டுட்டான். இனிமே ஒண்ணுமில்ல."

"பக்காவா?"

"பக்கா."

அவள் எப்போதும் பேசாத தமிழில், எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் சொன்னாள்: "அப்போ அந்தக் கை சைன் போடு, நைனா. இது நெஜம்னு. அதுல மட்டும் பொய் சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

அவள் கேட்டிருக்கிறாள். கண்ணை உருட்டிவிட்டுப் போனவள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பூபாலன் போனை வண்டி சீட்டின் மேல் சாய்த்து நிறுத்தினார். இரண்டடி பின்னால் போய் நின்றார். சின்னத் திரையில் மகளுடைய கண்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கைகளைத் தூக்கினார். மார்புவரை வந்தன. வீடும் டியூஷன் நேரமும் தெரிந்தவர்கள் அந்த குரூப்பில் இன்னும் எத்தனை பேர் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று அப்போது நினைவு வந்தது. கை அதற்குமேல் எழவில்லை. தலைக்குமேல் போய்க் குறுக்கே சேரவேண்டிய கைகள் மார்புக்கு நேரே நின்றுவிட்டன.

"நைனா?" என்றாள் பத்மஜா.

கைகளைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தார். "கேட்டப் பூட்டுங்க" என்றார். "யாரு கூப்பிட்டாலும் தொறக்காதீங்க. நான் வந்துக்கினே கீறேன்."